அச்சேறிய நூற்றாண்டு: பழைய பத்திரிகைகள் எதற்குச் சாட்சி?

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழர் வாழ்க்கையை அறிய அக்காலப் பத்திரிகைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. பத்திரிகை அன்றாடத்தின் பதிவேடு என்றவர்கள் உண்டு. நடத்தியவரின் நோக்கம் மட்டுமே அதில் தெரியும் என்றவர்களும் உண்டு. சமூகத்தைப் படம்பிடிக்க வந்த பத்திரிகை ஒரு புதிய சமூகத்தையே உண்டாக்கிவிட்டது என்பது மூன்றாவது தரப்பு. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், இவை எல்லாமே பத்திரிகை என்ற பொருள் முழுதாக நம் கையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகின்றன. தமிழைப் பொறுத்தவரை அந்த எண்ணமே ஆட்டங்காணுகிறது.

பதிவேடு என்ற நம்பிக்கை

ஒரு காலத்தில் வரலாற்றாசிரியர்கள் செய்தித்தாளை மதிக்கவில்லை. அரசு ஆவணம், ஒப்பந்தம், பெரிய மனிதர்களின் கடிதம் ஆகியவைதான் சான்று. மறுநாளே பழசாகிவிடும் தாள் எப்படிச் சான்றாகும் என்று கருதினார்கள். அமெரிக்காவில் ஜான் பாக் மக்மாஸ்டர் 1883 முதல் வெளியிட்ட மக்கள் வரலாற்று நூல்களில் செய்தித்தாள்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 1908இல் அமெரிக்க வரலாற்றுக் கழகக் கூட்டத்தில் ஜேம்ஸ் ஃபோர்ட் ரோட்ஸ் செய்தித்தாள்களுக்காக வெளிப்படையாகவே வாதாடினார். நிகழ்ச்சி முடிந்து வெகுகாலம் கழித்து எழுதப்படும் நினைவுக் குறிப்பைவிட, முடிவு தெரியாத நேரத்தில் எழுதப்பட்ட செய்தி மேலானது என்பது இத்தரப்பின் அடிப்படை. இந்த வாதத்துக்கு இன்றும் வலு குறையவில்லை.

தமிழில் இந்த மனப்பாங்கு வேறு வடிவம் எடுத்தது. மயிலை சீனி. வேங்கடசாமி 1962இல் வெளியிட்ட ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’ நூலும், மா.சு. சம்பந்தன், அ.மா. சாமி முதலியோரின் இதழியல் வரலாறுகளும் இதழ்களைத் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டன. சென்னைக் கிறித்தவச் சமயத் துண்டுப் பிரசுரச் சங்கம் 1831இல் வெளியிட்ட ‘தமிழ் மேகசின்’, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841 ஜனவரியில் தொடங்கிய ‘உதயதாரகை’, பீட்டர் பெர்சிவல் 1855இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் சி.வை. தாமோதரம்பிள்ளையும் ஆசிரியராக இருந்த ‘தினவர்த்தமானி’, ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ (1882) என்று நமக்கு இன்று மனப்பாடமாக இருக்கும் வரிசை இவர்கள் உழைப்பில் வந்தது. யார் முதல், எது முதல் என்ற கேள்வி அந்த உழைப்பில் பெரும்பங்கை விழுங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த ஆண்டு தொடங்கியது என்று தெரிந்த அளவுக்கு, உள்ளே என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது.

பதிவேடு என்ற பார்வையின் பலத்தையும் குறையையும் ஒருசேரக் காட்டுவது 1876–78 பஞ்சம், மக்கள் வழக்கில் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலித் திட்டம், அதைச் சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்தது, துறைமுகத்தில் அரிசி மூட்டைகள் குவிந்து கிடக்க உள்நாட்டில் விலை ஏறிய கதை எல்லாம் அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளில் விரிவாக விவாதிக்கப்பட்டன. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் எழுதிய இரண்டு தொகுதி நூல் பஞ்ச வரலாற்றுக்கு இன்றும் தவிர்க்க முடியாதது. லண்டனின் படப் பத்திரிகைகள் எலும்புக்கூடான உடல்களைச் செதுக்குப் படங்களாக அச்சிட்டன. கூலி எவ்வளவு தரலாம் என்ற விவாதத்தை நாள்வாரியாகத் தொடரலாம். அந்தக் கூலிக்காக நடந்துவந்தவர் தன் நிலையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு அந்தப் பத்திகளில் இடமில்லை. கும்மிப் பாட்டிலும் வாய்மொழிக் கதையிலும் அதன் எச்சங்கள் கிடைக்கின்றன. செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. யாரிடம் கேட்டு எழுதப்பட்டது என்பதே அதன் எல்லையை வரைந்துவிடுகிறது.

நடத்தியவரின் குரல்

இரண்டாவது தரப்பு இங்கிருந்து புறப்படுகிறது. பத்திரிகை எதையும் பிரதிபலிப்பதில்லை, நடத்துபவரின் சார்பை அச்சிடுகிறது என்கிறது. விக்டோரியா கால ஆங்கில இதழ்களை ஆராய்ந்தவர்கள் மத்தியில் 1980களில் இந்த விமர்சனம் வலுப்பெற்றது. கண்ணாடி, பிரதிபலிப்பு போன்ற சொற்களைக் கைவிட்டு, இதழையே ஆராய வேண்டிய பொருளாகக் கொள்ள வேண்டும் என்று லின் பைக்கெட் முதலியோர் எழுதினார்கள்.

தமிழ் இதழ்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றும். தொடக்க காலத்து இதழ்களில் பல மிஷன்களுடையவை. 1835இல் சார்லஸ் மெட்கஃப் கொண்டுவந்த சட்டம் அச்சுத் தொழிலின் மீதான கட்டுகளைத் தளர்த்திய பிறகு சுதேசிகள் அச்சுக்கூடம் வைத்தனர். சென்னையில் காஜுல லட்சுமிநரசு செட்டி 1844இல் ‘கிரசென்ட்’ ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கியதே மிஷன்களின் செல்வாக்கை எதிர்க்கத்தான். அதன் பிறகும் சமயச் சங்கம், சீர்திருத்தச் சபை, சாதிச் சங்கம் என்று ஏதோ ஒன்றின் கொடியோடுதான் பெரும்பாலான இதழ்கள் வந்தன. யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபையின் ‘இந்துசாதனம்’ (1889), சித்திலெப்பை கண்டியில் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ (1882) ஆகியவை தங்கள் சார்பைப் பெயரிலேயே அறிவித்தன. டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை 1878இல் ஆங்கிலேயர் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. அதற்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி 80 படிகள் அச்சிட்டதில் ‘தி ஹிந்து’ பிறந்தது. ஒரே நியமனத்தை இருவேறு பத்திரிகைகளில் படிப்பவருக்கு இரண்டு நாடுகளின் செய்தியைப் படிப்பது போலிருக்கும்.

ஆனாலும் ‘எல்லாம் பிரசாரம்’ என்று மூடிவைப்பது சோம்பேறித்தனம். ‘உதயதாரகை’யே அதற்கு மறுப்பு. கிறித்தவத்தைப் பரப்ப வந்த இதழ் அது. ஆனால், வாதத்துக்கு எதிராளி தேவை. எதிராளியின் கடிதத்தையும் அச்சிட வேண்டியிருந்தது. 1842 செப்டம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் சார்ந்த மடத்தில் இருநூறு பேர் அளவில் கூடி, வேதாகமம் கற்பிக்கும் பள்ளி அமைப்பது பற்றிப் பேசியதை நாம் அறிய அந்த மிஷன் இதழே வழிசெய்தது. ஆறுமுக நாவலர் உருவான சூழலை ஆராய்ந்த டென்னிஸ் ஹட்சன், ‘உதயதாரகை’யின் இதழ்களைப் பெரிதும் சார்ந்தே அதை எழுதினார். சைவ மறுமலர்ச்சியின் முதல் அசைவுகளுக்கான சான்றைச் சைவத்தை எதிர்த்த இதழ் சேமித்துவைத்திருக்கிறது. சார்பு, சான்றைக் கெடுப்பதோடு சில வேளை அதைக் காப்பாற்றியும் தருகிறது.

வாசகர் கூட்டமும் கேட்போர் கூட்டமும்

மூன்றாவது தரப்புக்கு இரண்டு மூலவர்கள். யூர்கன் ஹாபர்மாஸ் 1962இல், காப்பிக் கடையும் பத்திரிகையும் சேர்ந்து ஐரோப்பாவில் அரசைக் கேள்வி கேட்கும் ஒரு பொதுவெளியை உண்டாக்கின என்றார். பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல், ஒருவரையொருவர் பார்த்தறியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளை ஒரே நாளில் படிப்பதால் தேசம் என்ற கற்பனை சாத்தியமாகிறது என்றார். இவ்விருவரும் சொன்னதை இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவது கடினம் என்று சி.ஏ. பெய்லி முதலியோர் காட்டியிருக்கிறார்கள். அச்சு வருவதற்கு முன்பே இங்கே கடிதம், தூதர், சந்தைப் பேச்சு, கோயில், மடம், வித்துவான் என்று செய்தி ஓடிய வழிகள் இருந்தன. பத்திரிகை காலியிடத்தில் வந்து இறங்கவில்லை.

எண்களைப் பார்த்தாலும் இது தெளிவாகும். 1901 கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்து ஆண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட முழுதாக இல்லை. பெரும்பாலான தமிழ் இதழ்கள் சில நூறு படிகளே அச்சிடப்பட்டன. இந்த எண்ணிக்கையை வைத்து ‘தமிழ்ச் சமூகம் விவாதித்தது’ என்று எழுதுவது மிகைதான். மறுபுறம், படிகளின் எண்ணிக்கையும் முழுக்கதையைச் சொல்வதில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதே அன்றைய பழக்கம். வாய்விட்டுப் படிப்பதிலிருந்து மௌன வாசிப்புக்கு நகர்ந்த நெடிய மாற்றத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விளக்கியிருக்கிறார். கேட்டவர்களை எந்தச் சந்தாப் பட்டியலும் எண்ணவில்லை.

இன்னொன்று. செய்தி கேட்க மக்கள் பத்திரிகைக்காகக் காத்திருக்கவுமில்லை. கொலை, வெள்ளம், தீ விபத்து என்று எது நடந்தாலும் சென்னை குஜிலிக் கடைத்தெருவில் அது சிந்தாகவும் கும்மியாகவும் மலிவு அச்சில் வந்துவிடும். வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ இந்த உலகத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. படித்த வர்க்கம் இகழ்ந்த இந்தப் பாட்டுப் புத்தகங்கள், கௌரவமான வாரப் பத்திரிகைகளைவிடப் பரந்த கூட்டத்தை எட்டியிருக்கக்கூடும் என்று நினைக்க இடமிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பத்திரிகைகளின் வழியாக மட்டும் எழுதுபவர் இந்தக் கூட்டத்தை விட்டுவிடுகிறார்.

பொதுவெளி ஒன்றுதானா என்ற ஐயத்தை 1893இன் ஒரு விவாதம் எழுப்புகிறது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. சுதேசப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அதை ஆதரித்தன. அதே ஆண்டு அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்தார். இந்தியாவில் தேர்வு நடந்தால் உயர்சாதியினரே அதிகாரத்தைக் கைப்பற்றுவர் என்று வாதிட்டு, 3,412 பேர் கையொப்பமிட்ட எதிர்மனுவை லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். தேச நலன் என்று ஒரு பத்திரிகை எழுதியதை ஆபத்து என்று இன்னொன்று எழுதியது. ‘மக்கள் கருத்து’ என்று பெரிய பத்திரிகையின் தலையங்கத்தை மட்டும் மேற்கோள் காட்டும் வரலாற்றுக்கு இந்த மனு கண்ணில் படாது.

ஓரத்துப் பத்திகள்

அமெரிக்கப் பேராசிரியை லூசி மேனார்ட் சால்மன் 1923இல் வெளியிட்ட ‘செய்தித்தாளும் வரலாற்றாசிரியரும்’ என்ற பெரிய நூலில் மேற்கண்ட தகராறுகளுக்கு நடுவே ஒரு வழி காட்டினார். தலையங்கத்தில் ஏமாறலாம், விளம்பரத்தில் ஏமாறுவது அரிது. மருந்து விளம்பரம் நோயைக் குணப்படுத்தியதா என்பது சந்தேகம். எந்த நோய்க்கு மருந்து தேடினார்கள், எவ்வளவு விலை கொடுக்க முடிந்தது, தபாலில் வாங்கப் பழகியிருந்தார்களா என்பதெல்லாம் அதில் அவர்களை அறியாமல் பதிவாகிவிடுகின்றன.

தமிழ் இதழ்களில் இந்த ஓரங்கள் வளமானவை. புத்தகம், மருந்து, கடிகார விளம்பரங்கள், திருமண, மரண அறிவிப்புகள், வாசகர் கடிதங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, சந்தா பாக்கி வைத்த கனவான்களுக்குப் பத்திராதிபர் இதழ்தோறும் விடும் கெஞ்சலும் மிரட்டலும். பத்திரிகைகள் எப்படிச் செத்தன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. 1854இல் தூரத்தைக் கணக்கில் எடுக்காத அரையணாத் தபால் கட்டணமும், 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயிலும் வந்த பிறகு, இதழ் வெளியூருக்குப் போனது. பணம் திரும்பி வரவில்லை. கடல் கடந்தும் அது போயிற்று. சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை மகதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேச’னில், நாகப்பட்டினக் கரைக்கும் மலாய்த் துறைமுகங்களுக்கும் இடையே வாழ்ந்த ஒரு தமிழ் முஸ்லிம் வணிக உலகத்தின் தடம் இருக்கிறது. அதைச் சென்னை இதழ்களை மட்டும் வைத்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

இந்த அணுகுமுறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. விளம்பரம் ஆசையைக் காட்டும், வாங்கியதைக் காட்டாது. வாசகர் கடிதம் என்று அச்சானதை வாசகர்தான் எழுதினாரா, ஆசிரியரே புனைபெயரில் எழுதினாரா என்பதும் பல இடங்களில் நிச்சயமில்லை. அறிவியல் செய்தி, வேடிக்கைத் துணுக்கு என்று இருப்பவற்றில் கணிசமானவை வேறு இதழ்களிலிருந்து எடுத்துப் போட்டவை, அல்லது ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை. அவற்றைத் தமிழர் வாழ்க்கைக்கு நேர்ச்சான்றாகக் கொள்வது ஆபத்து. தமிழர் எதைப் படிக்கலாம் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அது சான்றாகலாம்.

எஞ்சியவை எவை, ஏன் எஞ்சின

மேலே கண்ட தரப்புகள் எல்லாம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறேன். இதழ்கள் நம்மை வந்தடைந்த விதம், உள்ளடக்கத்துக்கு ஈடாக நம் சித்திரத்தைத் தீர்மானிக்கிறது.

‘தத்துவ விவேசினி’யை எடுத்துக்கொள்வோம். சென்னை இலௌகிகச் சங்கத்தார் 1880களில் நடத்திய நாத்திக இதழ் இது; இதோடு ‘தி திங்கர்’ என்ற ஆங்கில இதழும் வந்தது. ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’ எழுதிய அத்திப்பாக்கம் அ. வெங்கடாசல நாயகர் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர். சாதி, சடங்கு, பால்ய விவாகம், பிரபஞ்சத்தின் தோற்றம் என்று விவாதிக்காத பொருள் குறைவு. வீ. அரசு இவ்விதழ்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பிக்கும் வரை, தமிழ்ப் பகுத்தறிவு மரபைப் பெரும்பாலோர் 1920களிலிருந்தே தொடங்கினார்கள். சில தொகுதிகள் கிடைத்ததும் தொடக்கம் நாற்பது ஆண்டு பின்னுக்குப் போயிற்று. அவை செல்லுக்கு இரையாகியிருந்தால், தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாத்திக இயக்கம் இருக்கவில்லை என்று நாம் உறுதியாக எழுதிக்கொண்டிருப்போம்.

ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்களின் நிலை இன்னும் மோசம். ஜெ. பாலசுப்பிரமணியம் 1869இன் ‘சூரியோதயம்’ தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தனி நூலே எழுதியிருக்கிறார். ‘சூரியோதயம்’, ‘பஞ்சமன்’, ‘திராவிட பாண்டியன்’, ‘பறையன்’ ஆகியவற்றைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி இதழ்களிலிருந்து வந்ததன்று. பிற இதழ்களின் குறிப்புகள், பிற்காலத் தன்வரலாறுகள், அரசுக் கோப்புகள் ஆகியவற்றிலிருந்து திரட்டியது.

அரசுக் கோப்பு என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்திலிருந்து சென்னை மாகாணம் விலக்கப்பட்டிருந்தது. கண்காணிப்பிலிருந்து விலக்கில்லை. அரசு மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது இதழ்களைப் படித்து, அதிகாரிகள் அறிய வேண்டியவை என்று பட்டவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி அச்சிட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். ‘சுதேசப் பத்திரிகைகள் பற்றிய அறிக்கைகள்’ என்ற இந்தத் தொடர் இன்று ஆய்வாளர்களுக்குப் பெரும் வரம். மூல இதழ் அழிந்து சுருக்கம் மட்டும் எஞ்சிய இடங்கள் ஏராளம். ஆனால், இந்த வரம் சல்லடையில் சலித்து வந்தது. வரி, தாசில்தார் லஞ்சம், போலீஸ் அத்துமீறல், காட்டு இலாகா கெடுபிடி, அரசை விமர்சிக்கும் தலையங்கம் இவை மொழிபெயர்ப்பாளர் கண்ணில் பட்டன. தொடர்கதை, சமையல், மருத்துவம், வசைக் கவிதை, விளம்பரம் ஆகியவற்றுக்கு அந்த அறிக்கையில் வேலையில்லை. 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வந்தது. அந்த மாதங்களில் படித்த குடும்பங்கள் சட்டசபைச் செய்தியைவிடக் கமலாம்பாளின் கதிக்காகவே அதிகம் காத்திருந்திருக்கலாம். அறிக்கைகளை மட்டும் நம்பும் ஆய்வில் தமிழர்கள் ஓயாமல் அரசிடம் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களாகத் தெரிவார்கள். அந்த மனநிலை ஓரளவு அவர்களுடையது. ஓரளவு மொழிபெயர்த்தவரின் கடமையுணர்வு.

1867ஆம் ஆண்டின் அச்சுக்கூட, நூற்பதிவுச் சட்டத்தின்படி காலாண்டுதோறும் வந்த நூற்பட்டியல்கள் இதைச் சற்று ஈடுசெய்கின்றன. அச்சிட்டவர், விலை, படிகள் என்ற விவரங்களை அவை தருகின்றன. பதிவுக்கு அனுப்பாமல் விடப்பட்டவை அதில் ஏறா. அனுப்பியவர் சொன்ன படிகளின் எண்ணிக்கையும் அவர் சொன்னதுதான்.

தேடுபொறியின் காலம்

இந்தச் சிக்கலைக் கணினி தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை புதிய தரப்பு. ஆங்கில இதழ்களில் கோடிக்கணக்கான பக்கங்கள் சொல் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. இணையத்தில் இல்லாதது ஆய்வாளர் பார்வையிலிருந்தே மறைந்துவிடும் என்று பாட்ரிக் லியரி 2005இலேயே எச்சரித்தார். கனடிய ஆய்வேடுகளை ஆராய்ந்த இயன் மில்லிகன், மின்மயமான இரண்டொரு நகர்ப் பத்திரிகைகள் மட்டும் மேற்கோள்களில் திடீரெனப் பெருகியதைக் காட்டினார்.

தமிழ் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் ஒரு லட்சம் அளவிலான சேகரத்திலிருந்து 1994இல் சென்னையில் உருவான நூலகம், ஈழத்து ‘நூலகம்’ திட்டம், சிங்கப்பூர் தேசிய நூலகம் ஆகியவை பக்கங்களைப் படமாக்கியிருக்கின்றன. படத்தை எழுத்தாக்குவது வேறு வேலை. புள்ளியும் நெடிலும் சீராக இல்லாத பழைய அச்சு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாத வரிகள், துதிக்கை போட்ட ணை, லை, னை, தேய்ந்த ஈயம் எல்லாம் இயந்திரத்தைத் திணறவைக்கின்றன. இப்போதைக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. அதில் ஒரு லாபமும் உண்டு: தேடாத விளம்பரம் கண்ணில் படும்.

தீராதவை

இன்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை குறைவு. எப்போது எந்தப் பொருள் விவாதத்துக்கு வந்தது, யாரால் அதை அச்சில் பேச முடிந்தது, என்ன விலைக்கு எது விற்பனைக்கு வந்தது என்பவற்றுக்குப் பத்திரிகை நல்ல சாட்சி. எத்தனை பேர் அதை ஏற்றார்கள் என்பதற்குப் பலவீனமான சாட்சி. வீட்டுக்குள் பெண்கள், வயலில் கூலிகள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குப் பெரும்பாலும் செவிவழிச் சாட்சி மட்டுமே. ஒரு தகவலைச் சொல்வது மிஷன் இதழா, சங்கத்தின் இதழா, அரசு அறிக்கையா என்று பார்க்காமல் மேற்கோள் காட்டும் பழக்கம் மட்டும் இனியாவது குறைந்தாக வேண்டும்.

திறந்து கிடக்கும் கேள்விகளில் இரண்டு, முயன்றால் விடை காணக்கூடியவை. மூல இதழும் அரசு மொழிபெயர்ப்பும் ஒருசேரக் கிடைக்கும் ஆண்டுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், மொழிபெயர்ப்பாளர்கள் எதை விட்டார்கள், எதைக் கூர்மையாக்கினார்கள் என்பதற்கு ஒரு கணக்கு வரும். மூலம் அழிந்த இதழ்களின் சுருக்கங்களை அந்தக் கணக்கை வைத்துத் திருத்திப் படிக்கலாம். காலாண்டுப் பட்டியல்களில் உள்ள பெயர்களை இன்று கைக்குக் கிடைப்பவற்றோடு பொருத்தினால், எந்த ஊர், எந்தச் சமூகம், எந்தப் பொருள் அதிகம் அழிந்தது என்பதும் தெரியவரும். மூன்றாவதற்கு வழி புலப்படவில்லை: திண்ணையில் உரக்கப் படித்ததைக் கேட்டவர்கள், கேட்டதை என்ன செய்தார்கள்?